சுழியோடிப் பயிற்றுநர் பரீட்சை: கடல் தெரிந்த பிள்ளைகளுக்குப் புள்ளி எங்கே போகிறது

திருகோணமலையின் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசனுக்குச் சீசன் படகில் சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர் ஏற்றி இறக்கி, சுழியோட்ட வழிகாட்டியான டைவ்மாஸ்டர் வரை வந்துவிட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடலுக்குள் அவர்களை மடக்க ஆளில்லை. புறாத்தீவைச் சுற்றி நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று படகில் நின்றபடியே சொல்வார்கள். ஆனாலும் பயிற்றுநர் பரீட்சை என்று வந்ததும் அந்தத் திறமையே காலை வாரிவிடுகிறது. பரீட்சகருக்கு உங்கள் சுழியோட்டத்தில் பெரிய அக்கறை கிடையாது. பக்கத்தில் இருக்கிற புதியவன் அடுத்து என்ன பிழை விடப்போகிறான் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா, அவனுக்குப் புரிகிற வேகத்துக்கு உங்களால் இறங்கி வர முடிகிறதா, இந்த இரண்டைத்தான் அவர் பார்க்கிறார். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

எங்கள் கரையில் பலரும் எடுப்பது பாடி (PADI) என்கிற சர்வதேசச் சுழியோடிப் பயிற்சி அமைப்பின் பரீட்சை. அதனால் எண்களும் விதிகளும் அதை வைத்தே. அவர்களுடைய கையேடு அவ்வப்போது திருத்தப்படும். நீங்கள் எழுதும் ஆண்டின் பதிப்பு கையில் இருக்கட்டும், பழைய கொப்பியை அண்ணாமாரிடம் வாங்கிப் படிக்காதீர்கள்.

முதலில் கடதாசி வேலை. வயது 18 ஆகியிருக்க வேண்டும். முதல் சுழியோடிச் சான்றிதழ் எடுத்து 6 மாதம் கடந்திருக்க வேண்டும். ஐடிசி என்கிற பயிற்றுநர் உருவாக்கப் பயிற்சியில் சேர 60 டைவ், ஐஇ என்கிற பரீட்சைக்கு 100 டைவ் பதிவில் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மருத்துவர் ஒப்பமிட்ட உடற்தகுதிப் படிவமும், 24 மாதத்துக்குள் எடுத்த முதலுதவி, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி மூச்சூட்டும் உயிர்மீட்பு) பயிற்சியும் தேவை. பரீட்சையில் தேறிய பிறகு பயிற்றுநர் அட்டை கிடைக்க, முதலுதவியைக் கற்பிக்கும் பயிற்றுநர் தகுதியும் வேண்டும். அதை ஐடிசியோடு சேர்த்தே முடித்துவிடுவது நல்லது. இங்கே மாட்டுப்படுகிற இடம் பதிவுப் புத்தகம். ஒரு சீசனில் இருநூறு தடவை இறங்கியவரிடம் முப்பது பதிவுதான் இருக்கும். திகதி, இடம், ஆழம், நேரம், கூடப்போனவரின் ஒப்பம் இல்லாத டைவ் கணக்கில் வராது. மேமாதம் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். மருத்துவப் படிவத்தையும் கடைசிக் கிழமைக்கு வைக்க வேண்டாம். காது, மூக்கு, நுரையீரல் பற்றிய ஒரு கேள்விக்கு "ஆம்" என்று வந்தால் மேலும் சோதனை கேட்பார்கள், அதற்கு நாள் போகும்.

நேரத்தைப் பிரிப்பதற்கு எங்கள் கடலே வழி காட்டுகிறது. வாடை தொடங்கினால் நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை கிழக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், படகு ஏறாது. அந்த மாதங்கள் முழுக்கத் தியரிக்கு. கடல் தெளியத் தொடங்கும் ஏப்ரலில் செய்முறைக்கு இறங்கினால், பரீட்சை எந்த மாதம் வந்தாலும் பதற்றம் இராது. சீசன் தொடங்கிய பிறகு பகலெல்லாம் விருந்தினரை ஏற்றி இறக்கிவிட்டு, இரவு பத்து மணிக்கு அட்டவணை படிக்க யாராலும் முடியாது.

தியரி: ஐந்து பகுதி, பகுதிக்கு 12 கேள்வி

பௌதிகவியல், உடற்றொழிலியல், உபகரணம், திறனும் சூழலும், அமுக்கத்தளர்வு (ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்பின் மேல் அமுக்கம் குறைவது) பற்றிய கோட்பாடும் அட்டவணையும் என்று ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், அதாவது 12இல் 9 சரியாக வர வேண்டும். ஒரு பகுதியில் 12 எடுத்து இன்னொன்றின் குறையை நிரப்ப முடியாது. அதனால் பிடித்த பகுதியை மேலும் மேலும் படிப்பது வீண். மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்து பார்த்து, எந்தப் பகுதி ஒன்பதுக்குக் கீழே நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இதில் பாதி பாடசாலையிலேயே படித்ததுதான். "பொயன்சி" என்றதும் மிரள வேண்டாம், அது மேலுதைப்பு. "பிரஷர்" அமுக்கம், "வொல்யூம்" கனவளவு, "டென்சிற்றி" அடர்த்தி, "பார்ஷல் பிரஷர்" பகுதியமுக்கம். போயிலின் விதியும் சாள்சின் விதியும் விஞ்ஞானப் பாடத்தில் வந்தவையே. ஒரு கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் பாடசாலைச் சொல்லையும் எழுதிக்கொண்டு போனால் ஒரு கிழமைக்குள் பயம் விட்டுப்போகும்.

மேலுதைப்புக் கணக்கு கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படகு இஞ்சின் ஒன்று கழன்று 20 மீற்றர் ஆழத்தில் விழுந்துவிட்டது. எடை 60 கிலோ, அது இடம்பெயர்க்கும் நீர் 20 லீற்றர். கடல்நீர் லீற்றருக்கு 1.03 கிலோ. ஆகவே மேலுதைப்பு 20 × 1.03 = 20.6 கிலோ. தண்ணீருக்குள் இஞ்சினின் எடை 60 - 20.6 = 39.4 கிலோ. அதைச் சமநிலைக்குக் கொண்டுவர எத்தனை லீற்றர் கடல்நீரை இடம்பெயர்க்க வேண்டும்? 39.4 ÷ 1.03 = 38.25 லீற்றர். இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, கடைசியில் 1.03ஆல் வகுக்க மறந்து, கிலோவையே லீற்றர் என்று குறித்துவிடுவது. மற்றது, இதே காற்று மேற்பரப்பில் எத்தனை லீற்றர் என்று கேட்கும்போது 20 மீற்றரின் மொத்த அமுக்கத்தை 2 பார் (அமுக்கத்தின் அலகு) என்று எடுப்பது. 10 மீற்றருக்கு 1 பார் வீதம் தண்ணீரால் 2, அதற்கு மேல் வளிமண்டலம் 1, மொத்தம் 3 பார். விடை 38.25 × 3 = 114.75 லீற்றர். கருவி காட்டும் அமுக்கமா, மொத்த அமுக்கமா என்று கேள்வியில் கோடு போட்டுவிட்டே கணக்கைத் தொடங்குங்கள்.

நன்னீர், கடல்நீர் வித்தியாசத்துக்கு ஒரு கணக்கு. நிலாவெளியில் சமநிலையாக மிதக்கும் ஒருவர் உபகரணத்தோடு 100 கிலோ என்றால் அவர் இடம்பெயர்ப்பது 100 ÷ 1.03, ஏறத்தாழ 97.1 லீற்றர். அதே ஆள் அதே ஈயத்தோடு கந்தளாய்க் குளத்தில் இறங்கினால் மேலுதைப்பு 97.1 கிலோதான். கிட்டத்தட்ட 3 கிலோ பாரம் கூடி அமிழ்ந்துவிடுவார். கடலிலிருந்து நன்னீருக்குப் போனால் ஈயம் குறைக்க வேண்டும், நன்னீரிலிருந்து கடலுக்கு வந்தால் கூட்ட வேண்டும். இதை மாற்றிப் போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம்.

பகுதியமுக்கத்தில் 30 மீற்றரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 பார், அதில் ஒட்சிசன் 0.84, நைதரசன் 3.16. இதைவிட முக்கியம் கெட்ட காற்றுக் கணக்கு. சிலிண்டருக்குள் காபனோரொட்சைட்டு 0.5 சதவீதம் கலந்திருந்தால் 30 மீற்றரில் அதன் தாக்கம் மேற்பரப்பில் 2 சதவீதத்தைச் சுவாசிப்பதற்குச் சமம். கரையில் பெற்றோல் இஞ்சினில் ஓடும் கம்பிரசரின் உறிஞ்சு குழாயைக் காற்று வரும் திசைக்கு வைக்காமல், புகை போகும் பக்கம் வைத்தால் நடப்பது இதுதான். காற்று திரும்பினால் குழாயையும் திருப்ப வேண்டும். இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமல்ல.

வெயிலில் கிடந்த சிலிண்டர் பற்றியும் ஒரு கேள்வி வரலாம். ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.6 பார். 45 பாகையில் 200 பார் காட்டிய சிலிண்டர் 28 பாகைக் கடலுக்குள் போனால் 17 × 0.6, சுமார் 10 பார் இறங்கி 190 காட்டும். கசிவு என்று பயந்து டைவை நிறுத்துகிற மாணவனுக்கு விளங்கப்படுத்தவும் இது உதவும்.

உடற்றொழிலியலில் வியாதியின் பெயரைக் கேட்பதைவிட அறிகுறியைச் சொல்லி எது என்று கேட்பார்கள். மேலே வந்தவுடன் மயங்கி விழுந்தால் நாடிக்குள் காற்றுக்குமிழி. நெஞ்சு ஒரு பக்கம் வலித்து மூச்சு முட்டினால் நுரையீரல் சுருங்கியிருக்கிறது. கழுத்துத் தோலுக்கடியில் நொறுநொறுவென்று இருந்து குரல் மாறியிருந்தால் தோலடிக் காற்று. இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே: மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது. கொஞ்ச நேரம் கழித்து மூட்டு உளைவும் விறைப்பும் வந்தால் அமுக்கத்தளர்வு நோய். எங்கள் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிற வீடுகளில் அந்த உளைவு பழகிப்போன ஒன்று. எண்ணெய் தேய்த்துப் படுத்தால் போய்விடும் என்று விடுவதும், திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கி ஆற்றப் பார்ப்பதும் ஆளை முடமாக்கும். பரீட்சையிலும் கரையிலும் விடை ஒன்றுதான்: படுக்க வைத்து 100 சதவீத ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறை உள்ள இடத்துக்கு அனுப்புவது. அந்த இடத்தின் தொலைபேசி எண் உங்கள் அவசரத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், சீசன் தொடங்குமுன் ஒரு தடவை அழைத்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

உபகரணப் பகுதியை லேசாக எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்காதீர்கள். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அமுக்கத்துக்குக் குறைத்துத் தரும் கருவி) பழுதானால் காற்று ஏன் நின்றுவிடாமல் பீறிட்டு ஓடுகிறது (உள்ளிருக்கும் வால்வு காற்று போகும் திசைக்கே திறப்பதால்), அதில் சிலிண்டரோடு பூட்டும் பகுதியான சமநிலைப்படுத்திய முதற்கட்டம் சிலிண்டர் வெறுமையாகும்போதும் ஏன் ஒரே மாதிரி மூச்சு தருகிறது, யோக் (கவ்வி) இணைப்பைவிட டின் (திருகு) இணைப்பு ஏன் கூடிய அமுக்கம் தாங்குகிறது, இவற்றைக் கழற்றிய ரெகுலேட்டரை முன்னால் வைத்துப் படித்தால் ஒரு பின்னேரம் போதும்.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணைதான் பலருக்கு எமன். இப்போது எல்லாருடைய கையிலும் டைவ் கொம்பியூட்டர் இருப்பதால் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. முதலில் எல்லை நேரங்கள்: 12 மீற்றருக்கு 147 நிமிடம், 18க்கு 56, 20க்கு 45, 30க்கு 20, 40க்கு 9. 19 மீற்றர் என்றால் 20இன் கட்டத்துக்குத்தான் போக வேண்டும். 18இன் கட்டத்தில் பார்ப்பவர் 11 நிமிடத்தைக் கூட எடுத்துவிடுகிறார். அடி நேரம் என்பது இறங்கத் தொடங்கியதிலிருந்து மேலேறத் தொடங்கும் வரை. இரண்டாவது டைவில் மூன்றாம் அட்டவணையின் வெள்ளைக் கட்டத்து எண் உடம்பில் மிச்சமிருக்கும் நைதரசனுக்கான நேரம். அதை உண்மையான அடி நேரத்தோடு கூட்டிய பிறகே முதலாம் அட்டவணைக்குத் திரும்ப வேண்டும். கூட்டாமல் திரும்புவதுதான் அதிகம் காணும் பிழை. நீலக் கட்டம் அந்த டைவுக்கு மிஞ்சியிருக்கும் எல்லை.

எழுதிப் பழக வேண்டிய விசேட விதிகள் சில. எல்லையை 5 நிமிடம் வரை தாண்டினால் 5 மீற்றரில் 8 நிமிடம் நின்று, பிறகு 6 மணிநேரம் தண்ணீர் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் தாண்டினால், காற்று இருக்கும்வரை, குறைந்தது 15 நிமிடம் நின்று, பிறகு 24 மணிநேரம் கூடாது. ஒரே நாளில் மூன்றோ அதற்கு மேலோ டைவ் என்றால், ஏதாவது ஒன்றின் முடிவில் அட்டவணை காட்டும் நைதரசன் குழு எழுத்து டபிள்யூ அல்லது எக்ஸ் என்று வந்தால் அதன்பிறகு ஒவ்வொரு இடைவேளையும் குறைந்தது 1 மணிநேரம். வை அல்லது இசட் வந்தால் 3 மணிநேரம். குளிரோ கடும் உழைப்போ இருந்தால் ஆழத்தை 4 மீற்றர் கூட்டிப் பார்க்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்படித்த டைவுக்கு இது பொருந்தும், எங்கள் பிள்ளைகள் அதை உழைப்பென்றே எண்ணுவதில்லை.

விதிமுறைத் தாள் வேறாக வரும். 50 கேள்வி, கையேட்டைத் திறந்து வைத்து எழுதலாம். அதனால்தான் தோற்கிறார்கள். எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். விகிதங்களும் ஆழங்களும் மனப்பாடமாக இருக்கட்டும்: அடைப்பு நீரில் (நீச்சல்குளம் போன்ற இடத்தில்) ஒரு பயிற்றுநருக்கு 10 மாணவர், திறந்த நீரில் 8, சும்மா ஒரு தடவை சுழியோடிப் பார்க்க வருபவர்கள் திறந்த நீரில் 4. ஆரம்பப் பாடத்தின் முதல் இரண்டு டைவும் 12 மீற்றர், அடுத்த இரண்டும் 18. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு எப்போதும் 12தான். இவை உச்ச எண்ணிக்கை. கடல் கலங்கியிருந்தால் குறைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்பதும் விதியே.

மெதுவாகச் செய்தால் புள்ளி

பரீட்சைக்கு ஐந்து திறன்கள் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. மொத்தம் 17 வேண்டும், எதுவும் 3க்குக் கீழே போகக் கூடாது. இந்தப் புள்ளிகளின் பொருளைப் பாருங்கள். சரியாக, ஆனால் விவரம் தெரியாத வேகத்தில் செய்தால் 3. சரியாக, விவரம் தெரியும் அளவுக்கு மெதுவாகச் செய்தால் 4. அதோடு அசைவைப் பெரிதாக்கிக் காட்டி, ஆறுதலாக, "இது சுலபம்" என்று தோன்றச் செய்தால் 5. ஐந்து திறனையும் பிழையில்லாமல், ஆனால் வேகமாகச் செய்தவருக்கு 15தான் வரும், தோல்வி. கடலில் வளர்ந்தவனின் கை தானாகவே வேலையை முடித்துவிடுகிறது, அங்கேதான் புள்ளி பறக்கிறது.

மாஸ்க் தண்ணீர் வெளியேற்றுவதை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு மூச்சில் முடிப்பீர்கள். காட்டும்போது அதை ஏழு எட்டுத் துண்டாக வெட்ட வேண்டும். முதலில் "என்னைப் பார்" என்ற சைகை. ஒரு விரலால் மாஸ்கின் மேல் விளிம்பைத் தூக்கி, கண்ணுக்கு மேலே வரை தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். தண்ணீர் நிறைந்திருப்பதை விரலால் சுட்டிக் காட்டுங்கள். இரண்டு மூச்சு வாயால் எடுத்து விடுங்கள், குமிழி தெரியட்டும். பிறகு இரண்டு கையின் விரல்நுனியையும் மேல் விளிம்பில் வைத்து அழுத்தி நிறுத்துங்கள். மூக்கைச் சுட்டி, "இதால் ஊது" என்று காட்டுங்கள். ஊதத் தொடங்கிய பிறகு தலையை மெதுவாக மேலே உயர்த்துங்கள். முதலே தலையை உயர்த்தினால் தண்ணீர் மூக்குக்குள் ஏறும், மாணவனும் அப்படியே செய்வான். தலைமயிர் ஒன்று விளிம்புக்குள் அகப்பட்டாலும் திரும்பக் கசியும், அதனால் நெற்றியைத் துடைத்துக் காட்டுவதும் ஒரு துண்டு. முடிவில் "ஓகே". கண்ணாடி முன்னால் தரையில் முழந்தாளிட்டு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு எண்ணி நிறுத்திப் பழகுங்கள். முடிந்தால் நண்பரின் கைபேசியில் ஒளிப்பதிவு செய்து, ஓசையில்லாமல், சுழியோடத் தெரியாத வீட்டாருக்குக் காட்டுங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் பரீட்சகருக்கும் புரியும்.

ஏறாமலும் இறங்காமலும் நடுநீரில் தொங்கி நிற்பது, மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, தண்ணீருக்குள் வெயிட் பெல்ட்டைக் கழற்றிக் கட்டுவது ஆகியவையும் இப்படியே. பெல்ட்டில் ஒரு சிறு நுணுக்கம்: கொக்கி இல்லாத முனையைப் பிடித்துத் தூக்கினால் ஈயம் வழுவி விழாது. ரெகுலேட்டர் வாயில் இல்லாத ஒவ்வொரு நொடியும் சின்னக் குமிழி போய்க்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் காட்டும்போதும்.

பாடம் நடத்துவது

அடைப்பு நீரிலும் திறந்த நீரிலும் மற்றப் பரீட்சார்த்திகள் உங்கள் மாணவர்களாக இருப்பார்கள். பரீட்சகர் அவர்களுக்கு மட்டும் ஒரு பிழையை இரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். அதைக் கண்டு, அந்த இடத்திலேயே நிறுத்தி, திருத்தி, திரும்பச் செய்வித்து, பாராட்ட வேண்டும். இங்கே 5க்குச் சராசரி 3.4 தேவை. வகுப்பறை விளக்கத்துக்கு 3.5.

இறங்குமுன் கொடுக்கும் விளக்கத்தில் ஒன்றையும் விடக்கூடாது: என்ன திறன், எந்த அளவுக்குச் செய்தால் தேறியதாகும், ஏன் தேவை, எப்படிச் செய்வது, என்ன சைகை, யார் எங்கே நிற்பது, யார் முதலில். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் சொல்லிப் பழகினால் ஒழுங்கு மனதில் பதியும். "தம்பி, நாங்கள் இப்ப மாஸ்க்குக்குள்ள வந்த தண்ணியை மேல வராமலே வெளியேற்றப் போறம். முழுக்கத் தண்ணி விட்டு, ஒரு மூச்சிலயோ இரண்டு மூச்சிலயோ வெளியேற்றினால் சரி. ஆரும் காலால மாஸ்க்கைத் தட்டிவிட்டாலும் பயப்படாமல் இருக்கலாம். நான் காட்டினாப் பிறகு, என்னுடைய இடப்பக்கம் இருக்கிற நீ முதல். மற்றவை அசையாமல் பாருங்கோ." நாற்பது வினாடி. இதையே ஆங்கிலத்துக்கு எடுத்துப் போங்கள்.

தண்ணீருக்குள் நிற்கும் இடம் பெரிய விடயம். மாணவனுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், மற்றவர்கள் ஓரக்கண்ணில் தெரியும்படி நில்லுங்கள். திறமையான டைவ்மாஸ்டர்கள் மாணவனிடம் திரும்பும்போது குழுவுக்கு முதுகைக் காட்டுகிறார்கள். அந்த ஐந்து வினாடியில்தான் இரண்டாவது மாணவன் மெல்ல மிதந்து மேலே போவான், பரீட்சகர் அதைத் திட்டமிட்டே வைத்திருப்பார்.

பிழையை அது நடந்து முடிந்த பிறகு கண்டால் பாதிப் புள்ளிதான். மூச்சை அடக்குகிறவனைக் குமிழியில் பாருங்கள்: மற்ற மூவரிடமிருந்து குமிழி போகும், இவனிடமிருந்து போகாது. பதறப்போகிறவனைக் கண்ணில் பாருங்கள்: விழி அகலும், கை மாஸ்க்கைத் தேடும். கையால் துடுப்புப் போடுகிறவனுக்கு ஈயம் கூடியிருக்கிறது, தொங்கி நிற்கும் திறனை எத்தனை தடவை செய்தாலும் சரிவராது, முதலில் ஈயத்தைத் திருத்துங்கள்.

கட்டுப்பாட்டோடு அவசரமாக மேலேறும் பயிற்சியை (காற்றுத் தீர்ந்தது போல, ஓசையோடு மூச்சை விட்டபடியே மேலே வருவது) தனியாகச் சொல்ல வேண்டும். திறந்த நீரில் 6 முதல் 9 மீற்றர் ஆழத்திலிருந்து நிலைத்த கயிறு ஒன்றோடு, ஒரு தடவைக்கு ஒரே மாணவனுடன். ஒரு கை மாணவனின் பிசிடியில் (காற்று நிரப்பி மிதக்கும் சட்டை), மறு கை கயிற்றில். வேகம் நிமிடத்துக்கு 18 மீற்றரைத் தாண்டக் கூடாது, 9 மீற்றருக்குக் குறைந்தது 30 வினாடி. மனதுக்குள் எண்ணிக்கொண்டே போங்கள், பெரும்பாலானோர் பதினைந்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிடுகிறார்கள். ஓசையோ குமிழியோ நின்றால் உடனே கயிற்றைப் பிடித்து நிறுத்தி, ரெகுலேட்டரில் மூச்செடுக்க வைக்க வேண்டும். "இன்னும் இரண்டு மீற்றர்தானே" என்று விடுவது மன்னிக்கப்படாத பிழை. கடைசி இரண்டு மீற்றரில்தான் நுரையீரல் மிக வேகமாக விரிகிறது.

பயிற்சிக்கு இடம் தேடும்போது புறாத்தீவின் பவளப்பாறைகளின் மேல் மாணவரை முழந்தாளிட வைக்காதீர்கள். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. மணல் திட்டு உள்ள இடம் பார்த்து, மிதந்தபடியே கற்பியுங்கள். முட்டை காக்கும் பெரிய கிளாத்தி மீன் கூட்டின் மேலே கூம்பு போல விரியும் வெளியைத் தன்னுடையது என்று காவல் காக்கும், கடிக்கவும் வரும். மேலே ஓடினால் அந்தக் கூம்புக்குள்ளேயே இருப்பீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். இப்படியான உள்ளூர் அறிவை வகுப்பறை விளக்கத்திலும் சேர்க்க வேண்டும், அதற்குப் புள்ளி உண்டு. கடலடிப் பாரம்பரியத்தைத் தொடாமல் பார்ப்பது பற்றிப் பேச நேர்ந்தால் எங்களிடம் திருகோணமலையின் சுவாமி மலை இருக்கிறது. போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள் அதன் அடியில் கிடக்கின்றன, சுயம்பு லிங்கம் 1956இல் சுழியோடிகளால்தான் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கல்லைக் காலால் உதைக்காமல் நீந்தக் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு

மேற்பரப்பில் நினைவில்லாமல் மிதக்கும் சுழியோடியை மீட்கும் பயிற்சி கட்டாயம் வரும். வலு முக்கியமில்லை, தாளம் முக்கியம். கூப்பிட்டுக்கொண்டே நெருங்குங்கள். முகத்தை மேலே திருப்புங்கள். அவருடைய பிசிடிக்கும் உங்களுடையதுக்கும் காற்று விடுங்கள், ஈயத்தைக் கழற்றுங்கள். மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் எடுத்து, தலையைச் சரித்து மூச்சுவழியைத் திறந்து, 10 வினாடி பார்த்துக் கேட்டு உணருங்கள். உதவி கேட்டுக் கத்துங்கள். இரண்டு மூச்சு ஊதுங்கள். அதன்பிறகு 5 வினாடிக்கு ஒன்று, கரையோ படகோ வரும் வரை, இழுத்துக்கொண்டே.

உபகரணம் கழற்றும்போதுதான் தாளம் உடைகிறது. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணும்போது கை நெஞ்சுப்பட்டியில். கழன்றால் சரி, கழறாவிட்டாலும் நான்கில் கையை விட்டு ஊதப் போய்விடுங்கள். நெஞ்சுப்பட்டியை மறந்துவிட்டு தோள்பட்டிகளை மட்டும் கழற்றி இழுத்து இழுத்துப் பார்ப்பது வழக்கமான பிழை. பிசிடி அளவுக்கு மீறி ஊதியிருந்தாலும் கை வெளியே வராது, கொஞ்சம் காற்றை விடுங்கள். அலை முகத்தில் அடிக்கும்போது உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் மூடுங்கள். அமைதியான காலைக் கடலில் மட்டும் பழகாதீர்கள். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில், கரையை நோக்கி, காற்றுக்கு எதிரே இழுத்துப் பாருங்கள். கால் எவ்வளவு களைக்கும், எண்ணிக்கை எங்கே தவறும் என்று அன்று தெரியும்.

பரீட்சை இரண்டு நாள். அதற்கு முந்தின இரவு பை கட்டும்போது ஸ்நோர்கல்லைத் தேடி வையுங்கள். எங்கள் டைவ்மாஸ்டர்கள் அதை எடுத்துப் போவதே இல்லை, ஆனால் விதிப்படி அதுவும் உபகரணத்தில் சேர்ந்தது, மாணவனுக்கு முன்னால் பயிற்றுநர் குறையோடு நிற்கக் கூடாது. விசில், திசைகாட்டி, மீட்பு மூச்சுக்கான பொக்கெட் மாஸ்க், எழுதும் சிலேட், உதிரி மாஸ்க் பட்டி, இரண்டு பென்சில். சிலேட்டில் விளக்கத்தின் தலைப்புகள் மட்டும் இருக்கட்டும், முழு வசனம் எழுதினால் அதை வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

முடிந்த அன்றிரவே வான் பிடித்து நுவரெலியாவுக்குக் கொண்டாடப் போகிற திட்டம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். அது 1,868 மீற்றர் உயரம், கண்டியே 500 மீற்றர் வரும். உயரம் 300 மீற்றரைத் தாண்டினாலே அட்டவணை வேறு விதியைக் கேட்கும், மலையேறுவது உடம்புக்கு விமானம் ஏறுவது போலத்தான். பல டைவ் செய்த பிறகு குறைந்தது 18 மணிநேரம் கடக்கட்டும்.